தொடரவும்னா என்ன அர்த்தம்?

அந்தப் பட்டனை இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டா என்னம்மா கெட்டுப்போகும்?

கோவிச்சுக்காதீங்க. எட்டிப் பாக்கணும்னு பாக்கல. மடியில லேப்டாப்பை விரிச்சு வச்சுக்கிட்டு பக்கத்து சீட்ல உக்காந்திருந்தா கண்ணு தன்னால போகுது. கட்டம் கட்டமா வரையிறீங்க, கலரை மாத்தி மாத்திப் பாக்குறீங்க. ஏதோ படம் வரையிறாங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் பாத்தா 'தொடரவும்'னு ஒரு பட்டன். அந்த வார்த்தையைப் பாத்தாலே எனக்கு ஆகாதும்மா. அதான் வாயைத் தொறந்துட்டேன்.

ஆப் பண்ற கம்பெனியா நீங்க? அப்ப நல்லதாப் போச்சு. மதுரை போய்ச் சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. உங்க ஆளுங்க பண்ணுன வேலையை உங்ககிட்டச் சொல்லாம நான் வேற யார்கிட்டச் சொல்ல?

என் பேரு சண்முகவடிவு. நகராட்சி ஆபீஸ்ல பிறப்பு இறப்பு செக்சன். இருபத்தாறு வருசமா அதே கவுண்டர். பேர் சேக்கிறது, பேர்ல திருத்தம் பண்றது, பழைய ரிஜிஸ்டர்ல தேடி நகல் குடுக்கிறது, எல்லாம் நான்தான். எங்க ஊர்ல யாரு பொறந்தாலும் யாரு செத்தாலும் என் மேசையைத் தாண்டாமப் போக முடியாது. பெருமைக்குச் சொல்லல. என் கையெழுத்துப் போன காகிதத்துல இன்னைக்கு வரைக்கும் ஆடிட்ல ஒரு சுழி போட்டதில்ல. தப்பா இருக்கிற படிவத்தை நான் வாங்குனதே இல்ல.

எங்க வீட்டுக்காரர் அருணகிரி, ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்தவரு. மிசினுக்குள்ள தலையை விட்டாருன்னா சாப்பாட்டு நேரம் மறந்துபோகும். சுகர் வந்துச்சு, பிரஷர் வந்துச்சு, ரெண்டும் சேந்து கிட்னியை முடிச்சிருச்சு. மூணு வருசமா டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு. எங்க ஊர்ல அந்த வசதி இல்ல. முக்கா மணி நேரம் பஸ்ல போனா ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம், விடுங்க. நல்ல டாக்டருங்கதான்.

அங்க ஜெபமணின்னு ஒரு சிஸ்டர் இருக்காங்க. யாருக்கு எந்த மிசின், எத்தன மணின்னு ஒரு நீள நோட்டுல எழுதி வச்சிருப்பாங்க. போறதுக்கு மொத நாள் ஒரு போன் போடுவேன். "வடிவக்கா, அண்ணனைக் கூட்டிக்கிட்டு ஒம்போது மணிக்கு வந்துருங்க"ம்பாங்க. அம்புட்டுத்தான். ரெண்டரை வருசம் ஒரு நாள் தவறல.

போன சித்திரையில போர்டு வச்சுட்டாங்க. இனிமே எல்லாம் ஆப்பாம். மொத நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆப்ல போயி, நாளைக்கு வர்றோம்னு பதியணும். பதிஞ்சாத்தான் மிசின். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். நோட்டை எடுத்து பீரோவுல வச்சுட்டாங்க.

ஆரம்பத்துல ஒரு தடவை எங்க வீட்டுக்காரர் பேரை ஆப்ல ஏத்தணும். பேரு, வயசு, முகவரி, ஆதார், ரத்த வகை, எந்த டாக்டர், எல்லாம் அடிச்சு முடிச்சு 'சமர்ப்பி'ன்னு அமுக்குனேன். மேல செவப்பா ஒரு வரி வந்துச்சு. 'தவறான உள்ளீடு.' அம்புட்டுத்தான். எங்க தப்பு, எது தப்பு, ஒண்ணும் கிடையாது. அதோட விட்டானா? நான் அடிச்சதை எல்லாம் தொடச்சுப்புட்டான்! திரும்ப முதல்லருந்து அடி. திரும்பவும் செவப்பு. ஆறு தடவைம்மா. ஆறாவது தடவை நானா ஏதோ தோணி, இனிஷியலுக்குப் பின்னாடி இருந்த புள்ளியை எடுத்துட்டு அமுக்குனேன், போயிருச்சு. புள்ளி வைக்கக் கூடாதாம்! இதை ஒரு வார்த்தை சொன்னா என்ன? 'இனிஷியல்ல புள்ளி வேண்டாம்'னு எழுதுறதுக்குக் கை வலிக்குமா?

இனிஷியலுக்குப் புள்ளி வைக்காம வந்தா நான் எங்க கவுண்டர்ல படிவத்தையே வாங்க மாட்டேன். அது முறை. ஆனா நாங்க இந்த மாதிரி மொட்டையா ஒரு செவப்பு வரியைக் காட்டிட்டுப் போறவங்க இல்ல. 'திருத்தம் உள்ளது'ன்னு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கு, படிவத்து மேலயே தெளிவாக் குத்திக் கையிலயே குடுத்துருவோம். என்ன திருத்தம்னு அவங்க வீட்டுக்குப் போய் நிதானமாப் பாத்துக்கலாம். கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் நின்னு வாசிச்சுக் காட்ட முடியுமா சொல்லுங்க.

சரி, அதை விடுங்க. நடந்ததுக்கு வர்றேன்.

புரட்டாசி மாசம். வியாழக்கிழமை மத்தியானமே பதிஞ்சுட்டேன். வெள்ளி காலைல ஒம்போது மணி. நாலரை மணி வாக்குல ஆபீஸ்ல உக்காந்திருக்கும்போது மனசுல ஒரு சந்தேகம். ஒம்போதா, ஒம்போதரையா? பாத்துக்குவோம்னு ஆப்பைத் தொறந்தேன். நம்ம பதிவு தெரியுது. அது மேல விரலை வச்சேன். வச்சதும் ஒரு கட்டம் குதிச்சு வந்து நிக்குது. 'முன்பதிவை ரத்து செய்ய வேண்டுமா?' கீழ ரெண்டு பட்டன். ஒண்ணு பச்சையா, பெருசா, 'தொடரவும்'. இன்னொண்ணு சாம்பல் கலர்ல, சின்னதா, 'ரத்து'.

நீங்களே சொல்லுங்க. எனக்கு முன்பதிவு இருக்கணும். ரத்து ஆகக் கூடாது. நான் எதை அமுக்கணும்?

தொடரவும். ஆமா! தொடரவும்னா என் பதிவு தொடரட்டும்னுதானே அர்த்தம்? பச்சை வேற. பச்சைன்னா நல்லதுதானே? நான் பச்சையை அமுக்குனேன்மா.

அவனுக்கு அது, 'ரத்து பண்ற வேலையைத் தொடரவும்'. அந்தச் சாம்பல் 'ரத்து' என்னன்னா, 'ரத்து பண்றதை ரத்து பண்ணு'. எந்த ஊர்த் தமிழ் இது? நான் பி.ஏ. தமிழ் படிச்சவ. இருபத்தாறு வருசமா அரசாங்கத் தமிழ் எழுதுறவ. எனக்கே புரியலேன்னா, அந்த ஆஸ்பத்திரிக்கு வர்ற சனத்துக்கு எப்படிப் புரியும்?

கட்டம் மறைஞ்சிருச்சு. சரி, நல்லாத்தான் இருக்குன்னு போனை வச்சுட்டுக் கவுண்டரைப் பாக்கப் போயிட்டேன்.

மறுநாள் அவரைக் கூட்டிக்கிட்டுப் போறேன். கால்ல நீர் கோத்து வீங்கியிருக்கு, செருப்பு நுழையல, பாதத்துல துண்டைச் சுத்திக்கிட்டு வர்றாரு. வரவேற்புல ஒரு பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துட்டுச் சொல்லுது, "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே."

"நேத்துப் பதிஞ்சேனேம்மா."

"நீங்கதான் கேன்சல் பண்ணியிருக்கீங்க. நாலு முப்பத்தெட்டுக்கு. மெசேஜ் கூட வந்திருக்குமே."

மெசேஜ் வந்திருந்துச்சு. இங்கிலீஷ்ல. லோன் வேணுமா, பட்டுச் சேலை தள்ளுபடி, இதுக்கெல்லாம் நடுவுல.

"நான் பண்ணலம்மா. நான் தொடரவும்னுதான்..."

"சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது. நாங்க என்ன பண்ண முடியும்? நாளைக்குச் சாயங்காலம்தான் அடுத்த இடம் இருக்கு."

அந்தப் பொண்ணு என் மூஞ்சியைக் கூடப் பாக்கலம்மா. பின்னாடி நின்ன ஆளை "அடுத்து"ன்னு கூப்பிட்டுருச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! மனுசன் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், அடுத்தாம்! ஜெபமணி சிஸ்டர் ஓடிவந்து எல்லா மிசினையும் பாத்தாங்க. எல்லாத்துலயும் ஆள். யாரைப் பாதியில எந்திரிக்கச் சொல்ல முடியும்? "சாயங்காலம் யாராவது வரலேன்னா கூப்பிடுறேன்க்கா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுகுறாங்க.

வீட்டுக்குத் திரும்பிட்டோம். மத்தியானம் மூணு மணி இருக்கும், "வடிவு, படுக்க முடியல, நெஞ்சை அடைக்குது"ன்னாரு. எந்திரிச்சு உக்காந்தாரு. உக்காந்தும் மூச்சு வாங்குது. உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. ஆம்புலன்ஸ்ல ஜில்லாப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நுரையீரல்ல தண்ணி ஏறிருச்சுன்னாங்க. இன்னும் அரை மணி நேரம் கழிச்சுக் கொண்டுவந்திருந்தா உசிரைப் பிடிச்சு நிறுத்தியிருக்க முடியாதுன்னாங்க. அங்கயே அவசரமா டயாலிசிஸ் பண்ணி, மூணு நாள் ஐசியூ. அந்த வெராண்டாவுல உக்காந்துக்கிட்டு நான் அந்தப் பச்சைப் பட்டனைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். சாமியை நெனைக்கல. பிள்ளைகளை நெனைக்கல. அந்தப் பட்டனைப் போட்டவனை ஒரு தடவை நேர்ல பாக்கணும்.

அவர் வீடு வந்த மறுவாரம், ஆபீஸுக்கு லீவு எழுதிப் போட்டுட்டு பஸ் ஏறுனேன். ஆப்ல கடைசியில, கண்ணுக்குத் தெரியாத எழுத்துல, கம்பெனி விலாசம் இருந்துச்சு. மதுரைதான். ஒரு டயர் கடைக்கு மேல மூணாவது மாடி. லிஃப்ட் ஓடல. ஏறிப் போறேன், வாசல்ல ஒரு ஆளு கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு வந்து, "புகாரா மேடம்? மெயில் அனுப்புங்க, புகாருக்கு ஒரு டிக்கெட் நம்பர் போடுவாங்க"ன்னாரு.

"டிக்கெட்டா? பஸ்ஸுக்கு எடுத்துட்டேன்யா. இனி எமனுக்குத்தான் எடுக்கணும்"ன்னேன்.

அவரு விவரமா எடுத்துச் சொல்றாராம். "மேடம், ரத்து செய்யணுமான்னு கேக்குது. தொடரவும்னா ஆமான்னு அர்த்தம். நிதானமாப் படிச்சா விவரமானவங்களுக்குத் தெரியும்."

அப்பக் கத்துனேன் பாருங்க. மூணு மாடிக்கும் கேட்டிருக்கும். டயர் கடையில இருந்து ஆளுங்க மேல ஏறி வந்துட்டாங்க. உள்ள இருந்த பிள்ளைகள் எல்லாம் காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டு எந்திரிச்சு நிக்குதுங்க. அதுல ஒரு பொண்ணு மட்டும் கிட்ட வந்துச்சு. முக்காடு போட்டிருந்துச்சு, இருபத்தெட்டு வயசு இருக்கும். "அம்மா, நான் நஸ்ரின். உள்ள வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க"ன்னுச்சு.

கண்ணாடி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுது. என் கதையெல்லாம் கேட்டுச்சு. கேட்டுட்டு, என் கையில ஒரு போனைக் குடுத்துச்சு. "இதுல நாளைக்கு ஒரு பதிவு இருக்கும்மா. எத்தனை மணின்னு பாருங்க. மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க. நான் நடுவுல எதுவும் சொல்ல மாட்டேன்."

வாய்விட்டுச் சொல்லச் சொன்னா நான் விடுவேனா? அதைத் திட்டுனேன், அதைப் பெத்தவங்களைத் திட்டுனேன், கம்ப்யூட்டரைக் கண்டுபிடிச்சவனைத் திட்டுனேன். அந்தப் பொண்ணு ஒரு நோட்டை வச்சுக்கிட்டு எழுதிக்கிட்டே இருக்கு. "இப்ப எதை அமுக்கணும்?"னு கேட்டா, "உங்களுக்கு என்ன தோணுதோ பண்ணுங்கம்மா"ங்குது. "எனக்குத் தோணுனதைப் பண்ணித்தான்டி என் புருசன் ஐசியூல கெடந்தான்!" அதையும் எழுதுது.

கடைசியில அந்தக் கட்டம் வந்துச்சு. ரத்து செய்ய வேண்டுமா. தொடரவும், ரத்து. எனக்குத்தான் இப்ப தெரியுமே, எது எதுன்னு. தெரிஞ்சும் என்ன ஆச்சு தெரியுமா? என் விரல் பச்சைக்குத்தான் போச்சு. அமுக்கிட்டேன். அமுக்குனதுக்கு அப்புறம்தான் தெரியுது. இன்னொரு தடவை அவரை ஐசியூல கொண்டுபோட்ட மாதிரி இருந்துச்சு.

அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வச்சுச்சு. அப்புறம், "இந்த வார்த்தையை எழுதுனது நான்தாம்மா"ன்னுச்சு. "இங்கிலீஷ்ல இருந்ததை அப்படியே தமிழ்ல போட்டேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும்னாங்க. ஒருத்தரைக் கூட உக்கார வச்சுப் பாக்கல. தப்பு என் மேலதான்."

சண்டை போடணும்னுதான்மா நான் போனது. எதுத்துப் பேசுனா நாலு பேச்சுப் பேசலாம். தப்பு என் மேலதான்னு அவங்களே சொல்லிட்டா எதை வச்சுச் சண்டை போடுறது? எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்துச்சு. "ஒத்துக்கிட்டா ஆச்சா? மாத்து"ன்னேன்.

"மாத்துறேன். ஆஸ்பத்திரியில கேட்டு, திரும்பவும் ஆளுங்களை வச்சுப் பாத்து மாத்த மூணு வாரம் ஆகும்."

"நாலு எழுத்து மாத்த மூணு வாரமா?"

"அன்னைக்கு அவசரப்பட்டதுலதான் இப்படி ஆச்சு"ன்னுச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மாத்துற வரைக்கும் ஜெபமணி சிஸ்டர் நோட்டையும் சேத்து எழுதணும்னு ஏற்பாடு பண்ணிருச்சு. அதைச் செஞ்சுது. இல்லேங்கல.

இதோட முடிஞ்சிருந்தா நான் அந்தப் பொண்ணை வாழ்த்தியிருப்பேன். முடியலையே!

ஒரு வாரம் கழிச்சு போன் போடுது. "அம்மா, நீங்க ஆப்பை ஆபீஸ்ல வேலைக்கு நடுவுலதானே பாக்குறீங்க? நான் ஒரு நாள் வந்து உங்க பக்கத்துல இருந்து பாக்கலாமா? எந்த இடத்துல உங்க கவனம் போகுதுன்னு தெரியணும்." சரி, வரட்டும், நம்ம வேலை எவ்வளவு பெருசுன்னு பாக்கட்டும்னு வரச் சொன்னேன்.

வந்துச்சு. கவுண்டருக்கு வெளிய, சன்னல் ஓரத்து பெஞ்சுல உக்காந்துச்சு. காலைல பத்து மணியில இருந்து அந்த நோட்டு, அந்தப் பேனா. அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. நான் பாட்டுக்குப் படிவத்தை வாங்குறேன், பாக்குறேன், ஸ்டாம்ப் குத்துறேன், குடுக்குறேன். பதினோரு மணிக்கு ஒரு பொம்பளை வந்தா. சத்யகலான்னு பேரு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கிறவ, இடுப்புல ஒரு பிள்ளை. பிள்ளைக்குப் பேர் சேக்கணும். மூணாவது தடவை வர்றா. நான் படிவத்தைப் பாத்தேன், இன்னும் சரியாகல. குத்திக் குடுத்தேன். "என்ன தப்புங்க மேடம்?"னா. "படிச்சுப் பாரு, தெரியும். அடுத்து!"ன்னேன். அவ ஓரமாப் போய் நின்னு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தா.

இந்த நஸ்ரின் எந்திரிச்சு அவகிட்டப் போய் உக்காந்துக்கிட்டு என்னமோ பேசுது. பேசிட்டு என்கிட்ட வந்து மெதுவாக் கேக்குது. "அம்மா, 'திருத்தம் உள்ளது'ன்னா எந்த இடத்துலன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விவரமானவங்களுக்குத் தெரியும்"ன்னேன்.

அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டிருந்த நோட்டை மூடுச்சு. "எங்க ஆபீஸ் வாசல்ல எங்க சாரும் அன்னைக்கு உங்ககிட்ட இதைத்தான்மா சொன்னாரு"ன்னுச்சு.

எப்படி இருக்கும் எனக்கு? என் ஆபீஸ்ல, என் கவுண்டர்ல, என் ஸ்டாஃப் எல்லாரும் பாக்க! அவன் பண்ணுனதும் நான் பண்றதும் ஒண்ணா? அவன் பண்ணுனதுல ஒரு உசிர் போகப் பாத்துச்சு. நான் சட்டப்படி ஒரு படிவத்தைத் திருப்புறேன். அதுல என்ன உசிரா போயிரும்? ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதானே? "ஆப்பைப் பாக்கத்தானே வந்த, அதைப் பாத்துட்டுக் கெளம்பு. என் வேலையில தலையிடாத"ன்னு வெளிய அனுப்பிட்டேன். போகும்போது கூட, "மன்னிச்சுக்கங்கம்மா, ஐயாவைக் கேட்டதாச் சொல்லுங்க"ன்னுட்டுப் போகுது. நடிப்பைப் பாருங்க.

வீட்டுல வந்து அவர்கிட்டச் சொன்னேன். என் பக்கம் பேசுவாருன்னு பாத்தா, "ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு 'அடுத்து'ன்னு கூப்பிட்டுச்சே, அன்னைக்கு நீ எப்படிக் கொதிச்ச வடிவு?"ன்னு கேக்குறாரு. ரெண்டு நாள் நான் அவரோட பேசலம்மா. மாத்திரையை எடுத்து மேசையில வைப்பேன், அவரா எடுத்துப் போட்டுக்குவாரு.

ஆப்பை மாத்திட்டாங்க. தீபாவளிக்கு மொத வாரம். இப்ப என்ன கேக்குது தெரியுமா? 'வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு டயாலிசிஸ் இருக்கிறது. இது வேண்டாமா?' கீழ, 'வேண்டும், இருக்கட்டும்'னு ஒரு பட்டன். 'வேண்டாம், நீக்கிவிடுங்கள்'னு ஒண்ணு. நீக்கிட்டோம்னு வச்சுக்கங்க, அரை மணி நேரத்துக்குள்ள திருப்பி வாங்கிக்கலாம். புள்ளி வச்சாலும் எடுத்துக்குது. தப்புன்னா அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துலயே என்ன தப்புன்னு வருது. எங்க வீட்டுக்காரர் இப்ப அவரே கண்ணாடியை மாட்டிக்கிட்டு அவரே பதிஞ்சுக்கிறாரு. பக்கத்து பெட்டுக்காரருக்கும் பதிஞ்சு குடுக்குறாரு. அன்னைக்கு அந்த நாலு எழுத்தை இப்படி எழுதியிருந்தா, படியேறும்போது இன்னைக்கு அவர் அரை வழியில நின்னு நெஞ்சைப் பிடிக்க மாட்டாரு. அந்தத் தெம்பு மட்டும் திரும்ப வரல. அதை எந்தப் பட்டனை அமுக்கி வாங்குறது?

இப்ப நான் மதுரைக்கு எதுக்குப் போறேன்னு கேக்கலையே நீங்க. பயிற்சிக்குப் போறேன்! 'பொதுமக்களிடம் கனிவுடன் பழகுதல்', ரெண்டு நாள். எனக்கு! இருபத்தாறு வருச சர்வீசுக்கு!

நகராட்சியில குறை சொல்றதுக்குன்னு போன்ல புதுசா ஒரு பக்கம் ஆரம்பிச்சாங்க. அதுல மட்டும் எப்படிப் பண்ணியிருக்காங்க தெரியுமா? தொறந்ததும் ஒரே ஒரு பட்டன், உள்ளங்கை அகலத்துக்கு. 'என்ன நடந்தது?'னு கேக்குது. எழுதத் தெரியாதவங்க வாயாலயே பேசிக்கலாம். அம்புட்டுத்தான், போயிருது. ஒரு மாசத்துல என் கவுண்டர் மேல முப்பத்தொரு புகார். கமிஷனர் கூப்பிட்டு எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுறாரு. 'என்ன தப்புன்னு சொல்ல மாட்டேங்குறாங்க', 'மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குறாங்க', 'திரும்பத் திரும்ப அலைய விடுறாங்க'. இத்தனை வருசம் ஒருத்தர் வாயைத் தொறந்ததில்லம்மா. பட்டன் பெருசா இருந்ததும் எல்லாருக்கும் வாய் வந்துருச்சு.

இந்த நஸ்ரின் வேலையாத்தான் இருக்கும்னு போன் போட்டு நல்லாக் கேட்டுட்டேன். "நான் சத்தியமா இல்லம்மா"ன்னுச்சு. சொல்லிட்டு, "ஆனா அந்தப் பக்கத்தை யாரு பண்ணுனாங்களோ, நல்லாப் பண்ணியிருக்காங்க"ங்குது. எவ்வளவு நெஞ்சழுத்தம்!

நேத்து அந்த சத்யகலா திரும்ப வந்திருந்தா. நாலாவது தடவை. பிள்ளை இப்ப நடக்குது. கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அவளும் என்னைப் பத்திப் பேசியிருப்பா அந்தப் பட்டன்ல, எனக்குத் தெரியும். படிவத்தை நீட்டுனா. என் மூஞ்சியைப் பாக்கல, அந்த ஸ்டாம்பையே பாத்துக்கிட்டு நிக்கிறா. வாங்கிப் பாத்தேன். இன்னும் அதே தப்பு. புருசன் பேரு ஆதார்ல 'தங்கராஜ்'. இவ 'தங்கராசு'ன்னு எழுதியிருக்கா. நாலு தடவையும் அதேதான். வீட்டுல கூப்பிடுற பேரை எழுதியிருக்கா, பாவம், அவளுக்கு அதுல தப்பே தெரியல.

ஸ்டாம்பை எடுத்தேன். மையில வச்சேன். வச்சுட்டு, என்னமோ, கீழ வச்சுட்டேன். பென்சிலை எடுத்து அந்த 'ராசு'வைச் சுத்தி ஒரு வட்டம் போட்டேன். ஆதார் நகலையும் பக்கத்துல வச்சு, அதுலயும் ஒரு வட்டம்.

அந்தப் பொண்ணு சொன்னதுக்காகன்னு நெனச்சுராதீங்க. புகாருக்குப் பயந்தும் இல்ல. பின்னாடி கூட்டம் நின்னுச்சு, இவ அஞ்சாவது தடவையும் வந்தா எனக்குத்தானே தொல்லை. அதான்.

அவ ரெண்டு வட்டத்தையும் மாத்தி மாத்திப் பாத்தா. "இதுதானா?"ன்னா. "இதுதான்"ன்னேன். பேனா கேட்டா, குடுத்தேன். நின்ன இடத்துலயே அடிச்சு மாத்தி எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போட்டா. அரை நிமிசம் ஆகல. நான் வாங்கி முத்திரை வச்சு, சனிக்கிழமை வந்து சான்றிதழை வாங்கிக்கன்னு ரசீது குடுத்தேன்.

வாங்கிக்கிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிட்டா. ஒரு நன்றி கூடச் சொல்லலம்மா. மூணு நாள் கூலியைத் தின்னவளுக்கு எதுக்கு நன்றின்னு நெனச்சிருப்பா. வாசப்படி தாண்டுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். மத்த நாளா இருந்தா, மரியாதை தெரியாததுகன்னு பக்கத்து செக்சனுக்குக் கேக்குற மாதிரி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

எனக்குக் கோவமே வரல. நேத்துல இருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வர்றேன்.